பணியிடம் தொலைவில் இருந்தால் மிதிவண்டியில் செல்லலாமா? நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கான விளக்கம்

நீரிழிவு அல்லது உயர் இரத்த அழுத்தம் கண்டறியப்பட்ட நாள் முதல், "தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று மருத்துவர் உங்களிடம் கூறி வந்திருப்பார். காலை ஏழு மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்புபவருக்கு அதற்கான நேரம் கிடைப்பது அரிது. பயணத்தையே பயிற்சியாக மாற்றிக்கொள்வது நல்ல வழியாகும். எனினும், பணியிடம் 20 அல்லது 25 கி.மீ. தொலைவில் இருக்கும்போது முதல் நாளிலேயே முழுத் தூரத்தையும் மிதிக்கத் தொடங்குபவர்களில் பலர் விரைவில் கைவிட்டுவிடுகின்றனர். சிலர் சாலையிலேயே உடல்நலம் குன்றி நின்றுவிடுகின்றனர்.

நீண்ட தூரத்தைக் கடக்கும் வழிகளுள் உங்கள் நோய்க்கும் நீங்கள் உட்கொள்ளும் மருந்துக்கும் பொருந்துவது எது என்பதை இப்பக்கம் விளக்குகிறது. இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கட்டுப்பாட்டில் உள்ள இதய நோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோரும் அவர்களுடைய குடும்பத்தினரும் இதனைப் படித்துப் பயன்பெறலாம்.

தூரத்தை நிமிடங்களில் கணக்கிடுங்கள்

நகரச் சாலையில், சிக்னல்களையும் நெரிசலையும் சேர்த்துக் கணக்கிட்டால், பயிற்சி பெறாத ஒருவர் மிதிவண்டியில் மணிக்கு 12 முதல் 15 கி.மீ. வரை செல்வார். அவ்வாறாயின் 25 கி.மீ. என்பது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். போக வர நான்கு மணி நேரம். வேலை செய்து களைத்த உடல் இதனை நாள்தோறும் தாங்காது.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரையாகும். காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் என வாரத்தில் ஐந்து நாட்கள் மிதித்தால் 300 நிமிடங்கள் நிறைவடைந்துவிடும். மூன்று நாட்கள் மட்டும் மிதித்தாலும் 180 நிமிடங்கள் கிடைக்கும். எனவே முழுத் தூரத்தையும் மிதித்தே தீர வேண்டும் என்ற மருத்துவத் தேவை ஏதுமில்லை. 25 கி.மீ. பயணத்தில் 6 கி.மீ. மட்டும் மிதித்து, அதனை ஆண்டு முழுவதும் தொடர்பவருடைய சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வர வாய்ப்பு அதிகம்.

இங்கு "மிதமான" என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. மிதிக்கும்போது உங்களால் தொடர்ந்து பேச இயல வேண்டும். ஆனால் பாட இயலாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் மூச்சிரைத்தால் வேகம் மிகுதி என்று பொருள்.

யார் முதலில் மருத்துவரைக் காண வேண்டும்?

மாரடைப்பு ஏற்பட்டவர்கள், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் தாங்களாகவே மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கக் கூடாது. இதயநோய் மருத்துவர் டிரெட்மில் போன்ற பரிசோதனைகளின் அடிப்படையில் எவ்வளவு உழைப்பு பாதுகாப்பானது என்று கூறிய பின்னரே தொடங்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போது இரத்த அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதலில் அது குறைய வேண்டும். நீரிழிவினால் விழித்திரையில் இரத்தக் கசிவு உள்ளவர்கள், பாதத்தில் ஆறாத புண் உள்ளவர்கள், வலிப்பு நோய்க்கோ அடிக்கடி வரும் தலைசுற்றலுக்கோ சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோரும் இவ்வாறே. இவர்களுக்கு உடலியக்கம் கூடாது என்பதில்லை. சாலையில் இரண்டு சக்கரங்களின் மேல் சமநிலை காத்துச் செல்வது ஏற்றதா என்பதை மருத்துவர்தான் கூற வேண்டும்.

இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கு ஒரு தனி எச்சரிக்கை. கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மண்டையோட்டுக்குள் மெதுவாகக் கசியும் இரத்தம் பல மணி நேரம் கழித்தே அறிகுறி காட்டக்கூடும். தலைக்கவசம் மிதிவண்டிக்குச் சட்டப்படி கட்டாயமில்லை என்று கருதி அதனைத் தவிர்க்க வேண்டாம்.

நீண்ட தூரத்துக்கு எந்த வழி?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கூடுவாஞ்சேரியில், நெல்லிக்குப்பம் சாலையில் 4 கி.மீ. உள்ளே வசிக்கும் ஒருவர் கிண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரிகிறார் எனக் கொள்வோம். முழுத் தூரத்தையும் மிதித்தால் கனரக வாகனங்கள் விரையும் ஜி.எஸ்.டி. சாலையில் வெகுநேரம் செல்ல நேரிடும். மாறாக, வீட்டிலிருந்து கூடுவாஞ்சேரி நிலையம் வரை மிதிவண்டியில் சென்று, நிலையத்தின் வாகன நிறுத்துமிடத்தில் அதனை நிறுத்திவிட்டு, புறநகர் மின்தொடர் வண்டியில் கிண்டி வரை செல்லலாம். கிண்டியில் பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கி நிறுத்தி வைத்திருந்தால் எஞ்சிய ஓரிரு கிலோமீட்டரையும் மிதித்துவிடலாம், இல்லையேல் நடக்கலாம். ஒரு வழிக்கு ஏறத்தாழ அரை மணி நேர உடலியக்கம் கிடைத்துவிடுகிறது.

தொடர்வண்டித் தடத்தை ஒட்டி வசிப்பவர்களுக்கு இதுவே முதல் தேர்வாக அமைய வேண்டும் என்பது எங்கள் கருத்து. நேரம் மிச்சமாவதும் பெருஞ்சாலையைத் தவிர்ப்பதும் மட்டுமே இதற்குக் காரணமல்ல. மாலையில் உடல்நிலை சரியில்லை என்றால் இடையில் எங்கும் சிக்கிக்கொள்ளாமல் வீடு திரும்ப இயலும். நோயாளி ஒருவர் பயண வழியைத் தேர்ந்தெடுக்கும்போது, "பாதி வழியில் முடியாமற்போனால் என்ன செய்வேன்?" என்ற கேள்வியையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மடக்கு மிதிவண்டியை வண்டிக்குள் எடுத்துச் செல்லச் சிலர் விரும்புவர். அதன் எடை பெரும்பாலும் 10 கிலோவுக்கு மேல் இருக்கும். கூட்ட நேரத்தில் அதனைத் தூக்கிக்கொண்டு மேம்பாலப் படிகளில் ஏறுவது இதய நோயாளிக்கும் மூட்டுவலி உள்ளவருக்கும் ஏற்றதன்று.

தொழிற்சாலைப் பேருந்தில் செல்வோர் ஏறுமிடம் வரை மிதிவண்டியில் செல்வதும் இதே முறையைச் சார்ந்ததே. ஏறுமிடம் மிக அருகில் இருந்தால், அடுத்த நிறுத்தம் வரை மிதிக்கலாம்.

பணியிடம் 10 முதல் 12 கி.மீ. தொலைவில் இருந்து, பாதுகாப்பான உட்சாலையும் இருந்தால், ஒரு நாளில் ஒரு வழி மட்டும் மிதிக்கும் முறை பொருந்தும். திங்கட்கிழமை காலை மிதிவண்டியில் சென்று, அதனைப் பணியிடத்திலேயே விட்டுவிட்டு மாலையில் பேருந்தில் திரும்புங்கள். செவ்வாய்க்கிழமை காலை பேருந்தில் சென்று, மாலையில் மிதிவண்டியில் வீடு திரும்புங்கள். ஒரு பயணத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நாளுக்கு மேல் ஓய்வு கிடைக்கும். புதிதாகத் தொடங்குவோர் முதல் ஒரு மாதம் இவ்வாறே செல்வது நல்லது.

முழுத் தூரத்தையும் மிதிவண்டியிலேயே கடக்க வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் மின் மிதிவண்டியைக் கருத்தில் கொள்ளலாம். "மோட்டார் இழுத்துச் செல்லும்போது அது எப்படி உடற்பயிற்சியாகும்?" என்று பலர் கேட்கின்றனர். மிதித்தால் மட்டுமே மோட்டார் துணைபுரியும் வகையில் உங்கள் கால்கள் தொடர்ந்து உழைக்கின்றன. எதிர்க்காற்றிலும் மேம்பால ஏற்றத்திலும் இதயத்துடிப்பு திடீரென உயராமல் மோட்டார் தாங்கிக்கொள்கிறது. இதய நோயாளிக்கும் முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கும் இது பெரும் உதவி. ஆனால் கைப்பிடியைத் திருகினால் தானாக ஓடும் வகையும் சந்தையில் உண்டு. அதில் மிதிக்காமலே அமர்ந்து செல்லப் பழகிவிட்டால் பயிற்சி கிட்டாது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கி.மீ.-க்குள்ளும் உள்ளதா என்பதையும் பார்த்து வாங்குங்கள். அவ்வரம்பைக் கடந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்பட்டு, பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படும். இதய முடுக்கி பொருத்தியுள்ளவர்கள் வாங்குவதற்கு முன் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நீரிழிவு மருந்தும் பயண நேரமும்

இப்பக்கத்தில் மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டிய பகுதி இதுவே. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்குச் சர்க்கரைத் தாழ்நிலை ஏற்படுவது அரிது. இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் உடலுழைப்பின்போது அது ஏற்படக்கூடும். உங்கள் மாத்திரை எவ்வகையைச் சார்ந்தது என்பது தெரியாவிட்டால் மருந்தாளுநரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

காலையில் வெறும் வயிற்றில் மிதிப்பதற்கே பலரும் அஞ்சுகின்றனர். உண்மையில் மாலைப் பயணமே கூடுதல் ஆபத்து உடையது. காலையில் போடும் கலப்பு இன்சுலினில் மெதுவாகச் செயல்படும் பகுதி பிற்பகலில் வலுவாக வேலை செய்கிறது. மதிய உணவோ நான்கைந்து மணி நேரத்துக்கு முன்பே செரித்திருக்கும். அந்நேரத்தில் உடல் உழைத்தால் சர்க்கரை விரைந்து இறங்கும். ஆகையால் மாலையில் புறப்படும் முன் குளுக்கோமீட்டரில் அளவு பாருங்கள். 90 மி.கி./டெசிலிட்டருக்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ சிறிதளவு சுண்டலோ உண்டு, சிறிது நேரம் கழித்து அளவு உயர்ந்த பின் புறப்படலாம். 70-க்குக் கீழே இருந்தால் அன்று மிதிவண்டி வேண்டாம். அளவு 250-ஐத் தாண்டி, உடற்சோர்வும் வாந்தியும் இருந்தாலும் மிதிக்காமல் மருத்துவரைக் காணுங்கள். நீண்ட பயணம் மேற்கொண்ட நாளின் இரவிலும் சர்க்கரை தாழக்கூடும்; எனவே இரவு உணவைத் தவிர்க்கக் கூடாது.

மிதிவண்டியில் செல்லும் நாளில் இன்சுலினைத் தொடையில் போடுவதைவிட வயிற்றில் போடுவது நல்லது. உழைக்கும் தொடைத் தசையின் மேல் போட்ட இன்சுலின் விரைவாக உறிஞ்சப்பட்டுவிடும். மருந்தின் அளவை நீங்களாகவே குறைத்துக்கொள்ள வேண்டாம்; வாரத்தில் எந்நாட்களில், எத்தனை நிமிடங்கள் மிதிக்கிறீர்கள் என்பதை எழுதி எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டினால் அவர் அளவை மாற்றித் தருவார்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும்பசி, பார்வை மங்குதல், காரணமற்ற எரிச்சல் ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மிதிவண்டியிலிருந்து இறங்கிவிடுங்கள். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று எண்ணுவதுதான் விபத்துக்கு இட்டுச் செல்கிறது. மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள். பிஸ்கட், சாக்லேட், பால் ஆகியவை மெதுவாகச் செயல்படுவதால் முதலுதவிக்கு உதவா. 15 நிமிடங்கள் கழித்தும் குணமாகாவிட்டால் அதே அளவு மீண்டும் குடித்து, பின்னர் ஏதேனும் உண்ணுங்கள். அன்றைய மீதிப் பயணத்தை ஆட்டோவிலோ பேருந்திலோ முடித்துக்கொள்ளுங்கள். மிதிவண்டியை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

படபடப்பும் நடுக்கமும் சிலருக்குத் தோன்றாமல் போகலாம். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் அவ்விரு அறிகுறிகளையும் மறைத்துவிடுகின்றன. வியர்வை மட்டும் மறையாது. ஆயினும் நம் ஊர் வெயிலில் மிதிக்கும்போது வியர்ப்பதை யார் பொருட்படுத்துவார்? எனவே இம்மருந்தையும் இன்சுலினையும் சேர்த்து எடுப்போர் அறிகுறிக்காகக் காத்திராமல் அளவு பார்த்தே புறப்பட வேண்டும். இதே மருந்து நாடித்துடிப்பு உயர்வதையும் தடுப்பதால், கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள்.

வெயில், நீர், இரத்த அழுத்த மருந்து

ஹைட்ரோகுளோரோதயசைடு, ஃபுரோசிமைடு போன்ற சிறுநீர் பெருக்கி மருந்துகளும், நீரிழிவுக்குத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவையும் உடலிலிருந்து நீரை வெளியேற்றுகின்றன. இவற்றை உட்கொண்டு வெயிலில் மிதித்தால் நீரிழப்பு விரைவில் ஏற்படும். இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரலாம். மிதித்து முடித்ததும் சட்டென நிற்காமல், கடைசி ஐந்து நிமிடங்கள் மெதுவாக மிதித்து இறங்குங்கள்.

தாகம் எடுக்கும் வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்துங்கள். இதயச் செயலிழப்பு அல்லது சிறுநீரக நோய்க்காக நீரின் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுப் பின்பற்ற வேண்டும். ஓ.ஆர்.எஸ். கரைசலில் உப்பு உள்ளதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதனை அன்றாடப் பானமாக்கக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி; சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் அதனைத் தவிர்க்க வேண்டும். கரும்புச்சாறு நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏற்றதன்று.

ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்குள் பயணம் முடியாவிட்டால் மிதிக்கும் தூரத்தைக் குறையுங்கள். கத்திரி வெயிலின்போது இரு வாரங்கள் பேருந்தில் சென்றால் பெற்ற பயன் ஒன்றும் போய்விடாது.

இருக்கை, முழங்கால், பாதம்

மிதிவண்டியால் முழங்கால் வலி வந்தது என்று கூறுவோர் முதலில் இருக்கையின் உயரத்தைப் பார்க்க வேண்டும். குதிகாலை மிதியின் மேல் வைத்து அதனைக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும். அதன்பின் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறமும், மிக உயர்ந்திருந்தால் பின்புறமும் வலிக்கும். கியர் உள்ள மிதிவண்டியில் இலகுவான கியரில் வேகமாகக் காலைச் சுழற்றுவதே மூட்டுக்கு நல்லது.

நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு நெடுநடையைவிட மிதிவண்டி பாதுகாப்பானது; உடல் எடை முழுவதும் பாதத்தில் இறங்குவதில்லை. ஆனால் ரப்பர் செருப்பு வேண்டாம். மூடிய காலணியும் பருத்திக் காலுறையும் அணிந்து, இரவில் இரு பாதங்களையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

பராமரிப்பாளர் கவனத்துக்கு

முதல் பயணத்தை வேலை நாளில் வைத்துக்கொள்ளாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். இயன்றால் உடன் செல்லுங்கள். வழியில் எங்கெல்லாம் நிழலும் கடையும் உள்ளன, எந்த ஆரம்ப சுகாதார நிலையம் அருகில் உள்ளது என்பதை இருவரும் அறிந்துகொள்ளலாம்.

சர்க்கரை மிகவும் தாழ்ந்தவர் தடுமாறுவார், உளறுவார், உதவிக்கு வருபவரைத் தள்ளிவிடவும் கூடும். சாலையோரத்தில் இந்நிலையில் ஒருவரைக் காண்பவர்கள், மது அருந்தியிருக்கிறார் என்று எண்ணி விலகிச் செல்வது நேர்கிறது. எனவே அவருடைய சட்டைப்பையில் ஒரு சிறிய அட்டை எப்போதும் இருக்கட்டும். "எனக்கு நீரிழிவு உண்டு. நான் மயங்கியோ குழம்பியோ இருந்தால், விழுங்க முடிகிற நிலையில் சர்க்கரை நீர் கொடுக்கவும். நினைவு இல்லையெனில் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைக்கவும்" என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, பெயர், மருந்துகள், உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றையும் சேருங்கள்.

நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமின்றி மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் அவர் உடனே மிதிப்பதை நிறுத்தி அமர வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை முன்பே பரிந்துரைக்கப்பட்டிருந்தால் அதனை வைத்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். மிதித்துக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்ல முயலக் கூடாது. சாலை விபத்து நேர்ந்தால், முதல் 48 மணி நேரத்துக்கான அவசரச் சிகிச்சையை "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் இணைந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பெறலாம்.

"மக்களைத் தேடி மருத்துவம்" பணியாளர் உங்கள் வீட்டுக்கு வரும் நாளில், பயணம் தொடங்கிய பின்னர் எடுத்த சர்க்கரை, இரத்த அழுத்த அளவுகளை அவரிடம் காட்டுங்கள். ஐயம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.